மார்கழி காலை லெக்-டெமுக்கு ஸ்கூல் பாட்டு டீச்சர் எப்படி போறது, போயி என்ன கொண்டு வர்றது

மேத்ஸ் டீச்சருக்கு ட்ரெய்னிங் வரும், சயின்ஸுக்கு வரும், இங்கிலீஷுக்கு வரும், பாட்டு டீச்சருக்குன்னு தேடிப் பாத்தா அநேகமா ஒண்ணும் இருக்காது. நான் திருச்சி பக்கம் ஒரு ஸ்கூல்ல பதினோரு வருஷமா பாட்டு எடுக்கறேன். நம்ம வேலைக்குன்னு போயி உக்காந்து கத்துக்கற மாதிரி ஒரு மாநாடு இருக்கான்னு ரொம்ப நாள் தேடி, கடைசில எனக்கு கெடச்சது சென்னைல மியூசிக் அகாடமில டிசம்பர் மாசம் காலைல நடக்கற லெக்-டெம், அதாவது பாடியோ வாசிச்சோ காட்டி விளக்கற பேச்சு. அகாடமின்னா சாயங்கால கச்சேரி, டிக்கெட் கெடைக்காது, அது நமக்கு இல்லன்னு நிறைய பேரு ஒதுங்கிடறாங்க, ஆனா அது அடிப்படைல ஒரு மாநாடுதான். 1927ல மெட்ராஸ்ல காங்கிரஸ் மகாசபை கூடினப்போ கூடவே ஒரு இசை மாநாடும் நடந்துச்சு, அதோட தொடர்ச்சியாதான் 1928ல அகாடமியே ஆரம்பிச்சாங்க. இன்னிக்கும் அந்த வருஷம் அகாடமியோட சங்கீத கலாநிதி விருது வாங்கற வித்வான்தான் மாநாட்டுத் தலைவர், காலை அமர்வுல அவங்கதான் தலைமை தாங்குவாங்க. காலை லெக்-டெமுக்கு டிக்கெட் கெடையாது, யாரு வேணா போயி உக்காரலாம்.

ஆனா ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், இது ஸ்கூல் டீச்சருக்காக நடத்தறது இல்ல. ஒரு ராகத்தோட பழைய லட்சணம், ஒரு வாக்கேயகாரரோட பாடாந்தரம், ஓலைச்சுவடி, தாளக் கணக்கு இப்படித்தான் தலைப்பு இருக்கும், நாலாங்கிளாஸ் பசங்க நாப்பது பேர வச்சுட்டு நாப்பது நிமிஷம் எப்படி ஓட்டறதுன்னு யாரும் மேடைல சொல்ல மாட்டாங்க. அத நாமதான் மாத்தி எடுத்துக்கணும். அந்த மாத்தி எடுத்துக்கற வேலைய எப்படி பண்றதுன்னுதான் இங்க எழுதறேன்.

போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி எடுத்துக்கங்க, உங்க கிளாஸ்ல இருந்து வந்த கேள்வியா இருக்கணும். மொத வருஷம் நான் ஒண்ணும் யோசிக்காம போயிட்டேன், நாலு நாள் உக்காந்து ஒரு முழு நோட்டு எழுதினேன், எல்லாமே பிரமாதமா இருந்துச்சு, ஜனவரில ஸ்கூல் தொறந்ததும் நோட்ட தொறந்து பாத்தா கிளாஸ்ல பண்றதுக்கு ஒரு வரி கூட இல்ல. அடுத்த வருஷம் ஒரு கேள்வியோட போனேன். அது எங்க ஸ்கூல் அசெம்பிளி பத்தினது.

தமிழ்த்தாய் வாழ்த்த மாநிலப் பாடலா அறிவிச்சு 2021 டிசம்பர்ல அரசாணை வந்துச்சு இல்லையா, அதுல முல்லைப்பாணி, அதாவது மோகன ராகம், மூன்றன் நடை, அதாவது மூணு மூணா எண்ற திஸ்ரம், 55 செகண்ட்ல பாடணும்னு இருக்கு. எங்க அசெம்பிளில கிட்டத்தட்ட அறுநூறு பசங்க. வாட்ச் வச்சு பாத்தா ஒரு நிமிஷம் பத்து செகண்ட் தாண்டிடும், ஒவ்வொரு வரி முடிவுலயும் இழுவை, மைக்ல பாடற பொண்ணு ஒரு ஸ்ருதில ஆரம்பிப்பா, பின்வரிசைல எட்டாங்கிளாஸ் பசங்க வேற ஸ்ருதில போவாங்க, முடிக்கறப்போ ஸ்ருதி நல்லாவே கீழ எறங்கி இருக்கும். தெனமும் காலைல அத கேக்கறப்போ எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். ஏன் இழுக்குது, ஏன் எறங்குது, இதுதான் நான் எடுத்துட்டுப் போன கேள்வி.

பதில் கெடச்ச எடம் எது தெரியுமா, கொழந்தைங்க பத்தின பேச்சே இல்ல அது. நடை பத்தி ஒரு லெக்-டெம், ஒரு மிருதங்க வித்வான் பண்ணிட்டு இருந்தாரு. திஸ்ரத்த எண்ணிக்கையா சொல்லாம மொதல்ல வாயால தகிட தகிடன்னு சொல்ல வச்சு, அந்த ஓட்டம் உடம்புல ஏறின பிறகுதான் கைல தாளம் போடணும், கை மொதல்ல வந்தா சதுஸ்ரம், அதாவது நாலு நாலா போற நடை, தானா புகுந்துடும்னு சொல்லி ரெண்டு விதமாவும் போட்டு காமிச்சாரு. எனக்கு அங்கயே புரிஞ்சு போச்சு. எங்க பசங்க மூணு மூணா போற பாட்ட நாலு நாலா நிறுத்திப் பாடறாங்க, ஒவ்வொரு வரி கடைசிலயும் ஒரு எண்ணிக்கை கூட போட்டுக்கறாங்க, அந்த கூடுதல் எண்ணிக்கைதான் இழுவை. நோட்ல ஒரே ஒரு வரி எழுதினேன், 'கைதட்டு வேணாம், நடந்துகிட்டே தகிட'. ஜனவரில ஆறாங்கிளாஸ கிரவுண்டுல வட்டமா நிக்க வச்சு, தகிடன்னு சொல்லிகிட்டே 'த'வுல மட்டும் ஒரு அடி எடுத்து வைக்கச் சொன்னேன், மொத நாள் பாதி பேரு மூணு எழுத்துக்கும் நடந்தாங்க, ரெண்டாவது நாள் சரியா வந்துச்சு, நாலாவது நாள் அதே நடைல வாழ்த்த பாட வச்சேன். வரி முடிவுல நின்னா கால் தடுமாறும், அதனால யாரும் நிக்கல.

ஸ்ருதி எறங்கறதுக்கும் வழி அந்த சீசன்லயே கெடச்சது, அது லெக்-டெம்ல இல்ல, கேன்டீன்ல. அத பின்னாடி சொல்றேன்.

இப்ப நாள் கணக்கு. அகாடமி சீசன் டிசம்பர் நடுவுல ஆரம்பிச்சு ஜனவரி ஒண்ணு வரைக்கும் போகும். நமக்கு அதே நேரம் அரையாண்டுப் பரீட்சை. பாட்டுக்கு பரீட்சை இல்லேன்னாலும் ஹால் சூப்பர்விஷன் நம்ம தலைலதான் விழும், அதனால மொத பாதிய மறந்துடுங்க. பரீட்சை முடிஞ்சு லீவு விடற அன்னிக்கு, பெரும்பாலும் 23 இல்ல 24ஆம் தேதி, அங்கேருந்து கணக்கு போட்டா ஓடியும் (ஆன் டியூட்டி) வேணாம் சிஎல்லும் வேணாம், நாலஞ்சு காலை முழுசா கெடைக்கும். பகுதிநேர ஆசிரியரா இருக்கறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், வாரத்துக்கு மூணு அரைநாள் வேலைக்கு வாங்கற சம்பளத்துல லீவு போட்டுட்டு வர முடியாது.

பரீட்சை சமயத்துலயே ஒரு குறிப்பிட்ட தலைப்பு வருது, அத விடவே கூடாதுன்னு தோணினா ஓடி கேட்டுப் பாருங்க. ஒரு தடவை நான் வேலை பாத்த ஒரு ஸ்கூல்ல கேட்டப்போ 'கச்சேரி கேக்க ஓடியா'ன்னு லெட்டரயே திருப்பிக் குடுத்துட்டாங்க. தப்பு என் லெட்டர்லயும் இருந்துச்சு, இசை விழாவுக்குப் போறேன்னு எழுதியிருந்தேன். இப்ப ஆண்டு மாநாட்டோட காலை அமர்வுகள்னு எழுதறேன், நிகழ்ச்சி நிரல்ல எந்த அமர்வுக்குப் போறேனோ அத மார்க் பண்ணி இணைக்கறேன், திரும்பி வந்து ஸ்டாஃபுக்கு பத்து நிமிஷம் செஞ்சு காட்டறேன்னு ஒரு வரி சேக்கறேன். அந்தக் கடைசி வரிதான் எச்எம் மனச மாத்துது. 2020 தேசிய கல்விக் கொள்கைல ஒவ்வொரு டீச்சரும் வருஷத்துக்கு 50 மணி நேரமாவது தொழில்சார் பயிற்சில கலந்துக்கணும்னு இருக்கு, அதையும் சொல்லலாம், ஆனா இந்த லெக்-டெம் நேரத்த உங்க ஸ்கூல் அந்தக் கணக்குல சேக்குமாங்கறத போறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க. இலவசமா போயி உக்கார்ற எடம், வருகைச் சான்றிதழ் கைல கெடைக்கும்னு நம்பிப் போகாதீங்க.

டிக்கெட் விஷயம். ரயில்ல இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் முன்பதிவு தொறக்குது, டிசம்பர் 24க்கு போகணும்னா அக்டோபர் 25 காலை எட்டு மணிக்கு உக்காந்துடணும், கிறிஸ்துமஸ் கூட்டம், ஒன்பது மணிக்கெல்லாம் வெயிட்டிங் லிஸ்ட் ஆயிடும். திருச்சிலேருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் எனக்கு சரியா இருக்கு, ராத்திரி ஏறினா விடியறதுக்குள்ள சென்னை, குளிச்சுட்டு எட்டு மணிக்கு ஹாலுக்குப் போயிடலாம். பஸ்ல வர்றவங்க ஒண்ணு கவனிக்கணும், தெக்குப் பக்கத்து பஸ்ஸெல்லாம் இப்ப கிளாம்பாக்கத்துல நிக்குது, அங்கேருந்து அகாடமி இருக்கற டிடிகே ரோடு வர காலைலயே ஒரு மணி நேரத்துக்கு மேல புடிக்கும், மொத நாள் காலை அமர்வ விட்டுடுவீங்க, அதனால முந்தின நாள் சாயங்காலமே வந்துடுங்க. மெட்ரோல வந்தா ஏஜி-டிஎம்எஸ்ல எறங்கி ஆட்டோ. தங்கறது சொந்தக்காரங்க வீடா இருந்தா நல்லது, லாட்ஜ் அந்த வாரத்துல வெலை ஏத்திடுவாங்க. நான் சித்தி வீட்ல தங்கறேன், போக வர, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேத்து நாலு நாளைக்கு மூவாயிரத்து சொச்சம் ஆகும்.

தலைப்பு பட்டியல் சீசனுக்கு முன்னாடியே வந்துடும். பட்டியல பாத்து பெரிய பேரு யாருன்னு பாக்காதீங்க, எந்தத் தலைப்புல கையாலயோ வாயாலயோ செஞ்சு காட்ட எடம் இருக்குன்னு பாருங்க. தாளம், நடை, குரல், கிராமிய மெட்டு, நோட்டு ஸ்வரம், ஒரு வாத்தியத்தோட வாசிப்பு முறை, இதெல்லாம் நமக்கு நேரா உதவும். நோட்டு ஸ்வரம்னு குறிப்பா சொல்றேன், ஏன்னா முத்துஸ்வாமி தீட்சிதர் அவர் காலத்துல கேட்ட பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்துல சாகித்யம் பண்ணினது அது, சங்கராபரணத்துல, கமகம், அதாவது ஸ்வரத்த அசைச்சுப் பாடறது, இல்லாம நேர் ஸ்வரமா வரும், கீபோர்டு கத்துக்கற பசங்களும் பாட்டு கத்துக்கற பசங்களும் ஒரே கிளாஸ்ல இருக்கறப்போ ரெண்டு பேரையும் சேத்து உக்கார வைக்க இத விட நல்ல வழி நான் பாத்ததில்ல. சுவடி ஆராய்ச்சி, பாடபேதம் மாதிரி தலைப்பு உங்களுக்காக கேளுங்க, உங்க சங்கீதம் வளரும், ஆனா கிளாஸுக்கு ஏதாவது கெடைக்கும்னு எதிர்பாத்து உக்காராதீங்க.

நெறைய பேச்சு இங்கிலீஷ்லதான் இருக்கும். இதுக்கு பயந்து வராம இருக்கற டீச்சர்ஸ எனக்குத் தெரியும், தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க. பேச்சுல பாதி புரியலேன்னாலும் பாடி காட்டறது சங்கீதம், அது உங்க மொழி.

ஹால்ல சீக்கிரம் போயி நடு வரிசைல ஓரமா உக்காருங்க, கையும் வாயும் தெரியற எடம். வாய் எப்படி தொறக்கறாங்க, மூச்சு எங்க எடுக்கறாங்க, தாளம் போடற கை எவ்வளவு ஒசரம் போகுது, பசங்களுக்கு சொல்லிக் குடுக்கறப்போ நமக்கு வேண்டியது இதுதான், ஆடியோல இதெல்லாம் வராது. கேக்காம ஃபோன்ல ரெக்கார்டு பண்ணாதீங்க. நோட்டுல நான் பண்றது இது: பக்கத்த நெட்டுக்குத்தா கோடு போட்டு ரெண்டா பிரிச்சுடுவேன், இடது பக்கம் பெருசு, அங்க அவங்க சொல்றது, ஸ்வரம், ஜதி. வலது பக்கம் சின்னது, அதுக்குத் தலைப்பு 'எந்த கிளாஸ்'. அங்க ஏழாங்கிளாஸ், மூணாங்கிளாஸ், அசெம்பிளி, ஆண்டு விழா இப்படி ஒரு வார்த்தை, கூட ஒரு வினைச்சொல், நட, தட்டு, வரை, கேட்டுச் சொல். ஒரு அமர்வு முடியறப்போ வலது பக்கம் முழுசா காலியா இருந்தா பரவாயில்ல, நாலு நாளைக்கு மூணு வரி இருந்தா போதும். அன்னிக்கு ராத்திரியே அந்த மூணு வரிய தனித்தாள்ல மாத்தி எழுதிடணும், ஒரு வாரம் கழிச்சு பாத்தா 'தட்டு - 5 - ஜன்னல்'னு எழுதியிருக்கும், என்னன்னே புரியாது.

ஒரு உதாரணம் முழுசா சொல்றேன். கண்ட நடை, மிஸ்ர நடை பத்தி ஒரு அமர்வுல கேட்டத வச்சு நான் ஏழாங்கிளாஸுக்கு பண்ணினது. கிளாஸ ரெண்டு குழுவா பிரிச்சேன், ஜன்னல் பக்கம் தகிட, அதாவது மூணு, செவுத்துப் பக்கம் தகதிமி, அதாவது நாலு. மாத்தி மாத்தி விடாம சொன்னா தகிட தகதிமி, ஏழு வந்துடும், மிஸ்ரம். பிறகு ஜன்னல் பக்கம் 'தக', செவுத்துப் பக்கம் 'தகிட', அஞ்சு, கண்டம். இத பத்து நிமிஷம் பண்ணின பிறகு பெஞ்சுல தட்ட விட்டேன், சொல்லுல வந்த பிறகு தட்டறதால சத்தம் ஒழுங்கா வந்துச்சு. அப்புறம் சேந்தே சொல்லாம ஜன்னல் பக்கம் விடாம மூணு மூணாவும் செவுத்துப் பக்கம் விடாம நாலு நாலாவும் ஒரே வேகத்துல சொல்ல விட்டா பன்னெண்டாவது எழுத்து முடிஞ்சு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல 'த' வரும், அந்த எடத்துல கிளாஸே ஒரு சத்தம் போட்டுச்சு, கதவுக்கு வெளில போயிட்டிருந்த மேத்ஸ் சார் உள்ள வந்து இது மீச்சிறு பொது மடங்குன்னு போர்டுல எழுதிட்டுப் போனாரு. வாத்தியம் ஒண்ணும் வேணாம், ரூம் கூட தனியா வேணாம், நம்ம ஸ்கூல்கள்ல இருக்கற நெலமைக்கு இது மாதிரிதான் தேடணும்.

பேச்சு முடிஞ்சதும் மூத்த வித்வான்கள் கருத்து சொல்லுவாங்க, அதுக்காகவாவது கடைசி வரைக்கும் இருங்க. பேச்சாளர் எழுதி வந்தத படிப்பாரு, பின்னாடி பேசறவங்க தன் குரு எப்படி சொல்லிக் குடுத்தாருன்னு ஒரு வரி சொல்லுவாங்க, பாடம் சொல்லிக் குடுக்கற விஷயம் பெரும்பாலும் அந்த ஒரு வரிலதான் இருக்கும். உங்களுக்கு கேள்வி இருந்தா கூட்டத்துல கேக்கத் தயக்கமா இருக்கும், எனக்கும் இருந்துச்சு, முடிஞ்ச பிறகு பேச்சாளர் கிட்டயே போயி 'நான் ஸ்கூல் பாட்டு டீச்சர், இத பத்து வயசு பசங்களுக்கு எப்படி ஆரம்பிக்கலாம்'னு கேளுங்க. இதுவரைக்கும் யாரும் முகம் சுளிச்சதில்ல, ஒரு அம்மா நின்னுகிட்டே எனக்கு பதினஞ்சு நிமிஷம் பாடி காமிச்சாங்க.

அடுத்து கேன்டீன். காலை அமர்வு முடிஞ்சு டிபன் சாப்பிடற நேரம்தான் மத்த டீச்சர்ஸ பாக்கற எடம், நோட்டு கைல வச்சிருக்கறவங்கள பாத்தா பேச்சு குடுங்க, பாதி பேரு எங்கயாவது சொல்லிக் குடுக்கறவங்களா இருப்பாங்க. அங்கதான் கோயம்புத்தூர்லேருந்து வந்த ஒரு டீச்சர் கிட்ட என் அசெம்பிளி கதைய சொன்னேன். அவங்க கேட்ட மொத கேள்வி, 'பசங்களுக்கு நீங்க எந்த கட்டைல பாடிக் காட்டறீங்க, அசெம்பிளில யாரு ஸ்ருதி குடுக்கறா'. கட்டைன்னா ஸ்ருதியோட ஒசரத்துக்கு அளவு, நம்பர் கூடினா ஸ்ருதி ஒசரும். யோசிச்சுப் பாத்தா எங்க அசெம்பிளிய நடத்தறது ஒரு ஆம்பளை சார், அவரு தன் குரலுக்கு சரியா ஒரு கட்டைல எடுத்து விடுவாரு. ஒரு கட்டைல சின்னப் பசங்களால கீழயும் வர முடியாது, மேல் ஸ்தாயில எடுத்தா உச்சத்துல கத்தல் ஆயிடும், அதனால ஆளுக்கொரு எடத்த தேடிப் போயிடறாங்க, அப்படியே எறங்கிடறாங்க. அவங்க சொன்னபடி இப்ப பாட்டுக்கு முன்னாடி ஃபோன்ல தம்பூரா ஆப்ப அஞ்சு கட்டைல வச்சு மைக் பக்கத்துல பத்து செகண்ட், எல்லாரும் வாய மூடி ம்ம்னு ஒரு தடவை ஸா புடிக்கணும், பிறகுதான் பாட்டு. ஆம்பளை டீச்சர்ஸ் இத கட்டாயம் கவனிங்க, உங்க ஸ்ருதி வேற, பசங்க ஸ்ருதி வேற, சொல்லிக் குடுக்கறப்போ அவங்க ஸ்ருதிய தம்பூராவுல போட்டுட்டு நீங்கதான் அதுக்குப் போகணும். பிப்ரவரில வாட்ச் வச்சு பாத்தேன், 57 செகண்ட். ஸ்ருதியும் கடைசி வரி வரைக்கும் நின்னுச்சு.

அதே வாரத்துல நேரம் இருந்தா பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்துக்கும் ஒரு நாள் போங்க. 1943ல ஆரம்பிச்ச தமிழ் இசைச் சங்கம் அங்கதான், டிசம்பர் கடைசில விழாவோட சேத்து பண், அதாவது பழைய தமிழ் ராகம், பத்தின ஆராய்ச்சியும் நடத்துவாங்க, ஓதுவார்கள் உக்காந்து பாடி, இந்தப் பண்ணுக்கு இந்த ராகம்னு பேசுவாங்க. கௌசிகத்துக்கு பைரவி, புறநீர்மைக்கு பூபாளம், செவ்வழிக்கு யதுகுலகாம்போதி இப்படி. முழுக்க தமிழ்லயே நடக்கறதால இங்கிலீஷ் தயக்கம் இருக்கறவங்க இங்கேருந்தே ஆரம்பிக்கலாம். தமிழாசிரியரோட சேந்து ஒரு கிளாஸ் எடுக்கணும்னா அங்க கெடைக்கற விஷயம் நேரா ஒட்டும், செய்யுள் பகுதில தேவாரம் வர்றப்போ அவங்க பொருள் சொல்ல நீங்க பண்ணோட பாடிக் காட்டுங்க, பசங்க மனப்பாடம் பண்ற விதமே மாறிடும்.

மத்தியானம் பல சபாக்கள்ல இளம் கலைஞர்கள் கச்சேரி இலவசமா இருக்கும், ஒண்ணு கேளுங்க போதும், ஒரு நாளைக்கு நாலு கேட்டா காலைல கேட்டது கரைஞ்சு போயிடும்.

திரும்பி வந்த பிறகு மொத வாரத்துலயே பண்ணிடணும். ஜனவரில மொத வாரம் பசங்க லீவு முடிஞ்சு வந்திருப்பாங்க, மத்த பாடமும் சூடு புடிச்சிருக்காது, அப்ப விட்டா பொங்கல், அது முடிஞ்சா குடியரசு தினம் ப்ராக்டிஸ், ஆண்டு விழான்னு போயிடும். மூணு வரில ஒண்ண எடுத்து ஒரே கிளாஸ்ல மட்டும் பண்ணுங்க, வேலை செஞ்சா அடுத்த கிளாஸ். எச்எம் கிட்ட சொன்ன பத்து நிமிஷத்தையும் அந்த மாசத்துலயே ஸ்டாஃப் மீட்டிங்ல பண்ணிடுங்க, பேசாதீங்க, அவங்களையே தகிட சொல்ல வைங்க. அடுத்த வருஷம் ஓடி கேக்கறப்போ யாரும் கச்சேரியான்னு கேக்க மாட்டாங்க.

சான்றிதழோட முறையா பயிற்சி வேணும்னு நினைக்கறவங்க சிசிஆர்டி, அதாவது கலாசார வளங்கள் மற்றும் பயிற்சி மையம், பத்தி விசாரிங்க, 1979ல மத்திய அரசு டெல்லில ஆரம்பிச்சது, ஹைதராபாத்ல மண்டல மையம் இருக்கு, வேலைல இருக்கற டீச்சர்ஸுக்கு கலைகள வச்சு பாடம் நடத்தற பயிற்சி குடுக்கறாங்க. கல்வித்துறை வழியா பேரு போகும், அதனால சுற்றறிக்கை வந்தா என் பேர அனுப்புங்கன்னு எச்எம் கிட்டயும் ஆஃபீஸ் கிளார்க் கிட்டயும் ஜூன்லயே சொல்லி வச்சுடுங்க, பாட்டு டீச்சருக்கு எதுக்குன்னு அந்தத் தாள் ஃபைல்லயே தங்கிடறதுதான் நடக்குது.

சென்னைக்கு வரவே முடியாது, வீட்ல சின்னக் கொழந்தை, மாமியாருக்கு முடியல, இப்படி இருக்கறவங்களுக்கு, அகாடமி 1930லேருந்து ஒரு ஜர்னல் போட்டுட்டு வர்றாங்க, மாநாட்டுல நடந்த பேச்சும் விவாதமும் அதுல வரும், பழைய இதழ்கள அவங்க வெப்சைட்லயே படிக்கலாம். மொத்தமா எறக்கி வைக்காதீங்க, உங்க ஒரு கேள்விய எடுத்துக்கிட்டு பொருளடக்கத்துல தாளம், குரல், சிட்சை மாதிரி வார்த்தை வர்ற கட்டுரைய மட்டும் தேடுங்க, ஒரு கட்டுரை ஒரு வாரம், நோட்டுல அதே ரெண்டு பத்தி கோடு, வலது பக்கம் எந்த கிளாஸ்.